ஊர் மக்களுக்கு விருதும் விருந்தும்: சேவைச் சங்கங்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஊருக்காக உழைப்பவர்களைப் பாராட்டும் விருது விழா என்றதும் பெரும்பாலான சங்கங்கள் முதலில் மண்டபத்தைப் பேசி முடிக்கின்றன. அடுத்து சிறப்பு விருந்தினரிடம் தேதி வாங்குகின்றன, பிறகு அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது. விருது யாருக்கு என்பது கடைசி இரண்டு வாரத்தில்தான் முடிவாகிறது. நான் பார்த்த குளறுபடிகளில் பெரும்பாலானவை இந்த வரிசைப் பிழையிலிருந்தே வந்தவை.

காவிரி டெல்டாவில் ஒரு சிறு நகரத்து ரோட்டரி சங்கத்தில் செயலாளராகவும் பிறகு தொழில்சேவை (அவரவர் தொழில் வழியாகச் செய்யும் சேவை) இயக்குநராகவும் இருந்தபோது இந்த விழாவைப் பலமுறை நடத்தியிருக்கிறேன். பக்கத்து ஊர்ச் சங்கங்களில் புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் நடத்தும்போது கூடவே நின்றும் பார்த்திருக்கிறேன். கீழே உள்ள வரிசை அப்படி அமைந்தது. பதவிப் பெயர்களை மாற்றிக்கொண்டால் அரிமா (லயன்ஸ்) சங்கத்துக்கும் இது பொருந்தும். முழு வேலைக்கும் பத்து வாரம் வேண்டும். ஆறு வாரத்திலும் முடிக்கலாம், ஆனால் அந்த அவசரத்தில் மூன்றாம், நான்காம் படிகள் கெட்டுப்போகும். கெடவே கூடாத படிகள் அவை இரண்டும்தான்.

1. தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

முதலாவது, மூன்று பேர் கொண்ட குழு. பதினைந்து பேர் குழு வேண்டாம். ஒருவர் விருதாளர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒருவர் மண்டபமும் சாப்பாடும், ஒருவர் மேடையும் அழைப்பிதழும். விருதாளர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு விழா நாள் மாலை வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. ஏன் என்பது பத்தாம் படியில் தெரியும்.

இரண்டாவது, பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்ற செயற்குழுத் தீர்மானம். உறுப்பினர் சந்தா சேரும் நிர்வாகக் கணக்கும், பொதுமக்களிடமும் கொடையாளர்களிடமும் திரட்டிய திட்டக் கணக்கும் வேறு வேறு. கண் சிகிச்சை முகாமுக்கென்று ஒருவர் கொடுத்த பணம் விருந்து இலைக்குப் போகக் கூடாது. விழாச் செலவை நிர்வாகக் கணக்கிலோ, இந்த விழாவுக்கென்றே சொல்லிப் பெற்ற நன்கொடையிலோதான் செய்ய வேண்டும். இதை முதல் கூட்டத்திலேயே எழுதி வைத்துவிட்டால் ஆண்டு இறுதியில் பொருளாளர் தவிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, ஒரு நீளக் கணக்கு நோட்டு. பெயர், முதலெழுத்து, வீட்டு வழி, மாத்திரை நேரம், எத்தனை பேர் வருவார்கள் என்று எல்லாம் அதில் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். செல்பேசிக் குழுவில் இருக்கிறது என்று நம்பினால் விழா நாளன்று அந்தத் தகவல் யாருக்கும் கிடைக்காது.

2. பெயர்களைத் தேடுவது

உறுப்பினர்களிடம் மட்டும் பரிந்துரை கேட்டால் அவரவர் மருத்துவர், அவரவர் பிள்ளையின் ஆசிரியர், அவரவர் கடை வீதியில் உள்ளவர் என்றுதான் பட்டியல் வரும். அவர்களும் தகுதியானவர்களாக இருக்கலாம். ஆனால் ஊரைத் தாங்குகிற பலர் நம் உறுப்பினர்களின் கண்ணில் படாத நேரத்தில் வேலை செய்கிறார்கள்.

ஆகவே கேட்கும் இடங்களை மாற்றுங்கள். அரசு மருத்துவமனையில் இரவுப் பணியில் இருப்பவர்களிடம், “ராத்திரி இரண்டு மணிக்கு உங்களுக்கு ஒரு சிக்கல் என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்?” என்று கேட்டோம். மூன்று பேர் ஒரே ஸ்டிரெச்சர் தள்ளுநரின் பெயரைச் சொன்னார்கள். பஸ் நிலையத்துத் தேநீர்க் கடை, ரேஷன் கடை வரிசை, மின்வாரிய லைன்மேன்கள் கூடும் இடம், தபால் நிலையம், சுடுகாடு, ஆரம்பப் பள்ளியின் சத்துணவுக் கூடம் என்று இப்படி ஏழெட்டு இடங்களில் ஒரே கேள்வியைக் கேட்டால் பெயர்கள் தாமாக வரும். இரு வேறு இடங்களில் ஒரே பெயர் வந்தால் அதற்குக் கீழே கோடு போடுங்கள்.

ஐந்து விருதுக்கு மேல் வேண்டாம். ஆறாவது விருதாளர் மேடைக்கு வரும்போது அரங்கம் கைதட்டிக் களைத்திருக்கும். பன்னிரண்டு பேருக்குக் கொடுத்த ஒரு விழாவில் கடைசியாக அழைக்கப்பட்ட துப்புரவுப் பணியாளர் மேடையேறியபோது பாதிப் பேர் பந்தியில் இருந்தார்கள். அந்த அம்மா அன்று நின்ற நிலையை நான் மறக்கவில்லை.

சங்க உறுப்பினர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் இந்த விருது இல்லை என்பதை முதலிலேயே தீர்மானமாக்குங்கள். விழாவுக்கு நன்கொடை கொடுப்பவருக்கும் இல்லை. ஒரே ஒரு முறை விதிவிலக்குச் செய்தாலும் ஊர் அதைத்தான் நினைவில் வைத்திருக்கும்.

3. சொன்னது சரியா என்று பார்ப்பது

ரோட்டரி உறுப்பினர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் நான்கு கேள்விகளில் முதலாவது “இது உண்மையா?” என்பது. கூட்டந்தோறும் ஒப்பிக்கும் அந்தக் கேள்விக்கு உண்மையான வேலை இந்தப் படியில்தான் இருக்கிறது. பரிந்துரையில் வருவதை அப்படியே பாராட்டு மடலில் ஏற்றுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

இரத்த தானத்தை எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு விதிப்படி முழு இரத்தம் கொடுக்கும் ஆண் ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையில் 90 நாள் விட வேண்டும், பெண் 120 நாள். 18 வயதில்தான் தொடங்கலாம். ஆக, 40 வயது ஆண் ஒருவர் ஒரு முறைகூடத் தவறாமல் கொடுத்திருந்தாலும் எண்ணிக்கை ஏறக்குறைய 90தான் வரும். “150 முறை இரத்தம் கொடுத்தவர்” என்று அவரை மேடையில் அறிவித்தால் அரங்கில் உள்ள மருத்துவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அவமானம் நமக்கு வருவதற்கு முன் அவருக்கு வரும். பெரும்பாலும் அந்த மிகையைச் சொன்னவர் அவராக இருக்க மாட்டார், பரிந்துரைத்த நண்பராக இருப்பார். இரத்த வங்கிச் சான்றிதழ்களைக் கேட்டு எண்ணிப் பாருங்கள். 46 என்று வந்தால் 46 என்றே எழுதுங்கள். அதுவே பெரிய எண்.

ஒவ்வொரு பெயருக்கும் தொடர்பில்லாத இருவரிடம் விசாரியுங்கள். ஒருவர் உடன் வேலை செய்பவராகவும் மற்றவர் பயன்பெற்றவராகவும் இருக்கட்டும். விசாரிக்கிறோம் என்று விளம்பரப்படுத்த வேண்டாம். தேர்வாகாதவருக்கு அது தெரிந்தால் வலிக்கும்.

4. வீட்டுக்குப் போய்ச் சம்மதம் கேட்பது

இதைத் தொலைபேசியில் செய்யாதீர்கள். இருவராக, அதில் ஒருவர் பெண்ணாக, நேரில் போங்கள். அவர் வேலை முடிந்து வந்து குளித்துச் சாப்பிட்ட நேரமாகப் பார்த்துப் போங்கள். சம்மதம் வாங்குவது மட்டும் இந்தச் சந்திப்பின் நோக்கமன்று, அடுத்த ஆறு வாரத்துக்குத் தேவையான அத்தனை தகவலும் இங்கேதான் கிடைக்கும்.

முதலில் கேட்க வேண்டியது, “உங்களுக்கு இதில் விருப்பமா?” என்பது. சிலர் மறுப்பார்கள். சிலருக்கு மேடைக் கூச்சம், சிலருக்கு உடன் பணிபுரிபவர்களின் பொறாமையைப் பற்றிய பயம். மறுப்பை மதித்துத் திரும்புவதும் நம் வேலைதான். வற்புறுத்தி மேடையேற்றினால் அது விருதாகாது.

அடுத்து, அரசுப் பணியில் இருப்பவரா என்று கேளுங்கள். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 14ஆவது விதி, தம்மைப் பாராட்டும் பொது நிகழ்ச்சியை ஏற்க முன் அனுமதி வேண்டும் என்கிறது. தபால்காரர், ரயில்வே ஊழியர் போன்றவர்களுக்கு இத்தகைய கட்டுப்பாடு உண்டு. மாநில அரசு ஊழியர்களும் தமிழ்நாட்டின் 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகளுக்கு உட்பட்டவர்கள். எனவே சங்கத்தின் கடிதத்தாளில், விருதின் பெயர், நாள், பரிசின் தன்மை ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அவருடைய மேலதிகாரிக்கு நாமே கடிதம் எழுத வேண்டும். அனுமதிக் கடிதம் வர மூன்று நான்கு வாரம்கூட ஆகலாம். அழைப்பிதழ் அடித்த பிறகு இதை நினைத்துப் பயனில்லை. ஒரு சங்கம் அனுமதி கேட்காமல் கிராம செவிலியர் ஒருவருக்கு விருது கொடுத்தது. மறு வாரம் அவர் அலுவலகத்தில் விளக்கம் எழுதிக் கொடுக்க நேர்ந்தது. அவரைப் பெருமைப்படுத்தப் போய் அவருக்குத் தொல்லை கொடுத்ததாக முடிந்தது.

பிறகு பெயர். எப்படி எழுத வேண்டும், முதலெழுத்து எது, தந்தை பெயரின் எழுத்தா கணவர் பெயரின் எழுத்தா என்று கேட்டு, அவர் கையாலேயே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவரென்றால் ஆதார் அட்டையைப் பார்த்து எழுதி, படித்துக் காட்டுங்கள். நாமாகச் சாதிப் பட்டமோ அடைமொழியோ சேர்க்கக் கூடாது. திருநங்கை ஒருவர் விருதாளராக இருந்தால் எந்தப் பெயரில், எந்தச் சொல்லால் அழைக்கப்பட வேண்டும் என்பதை அவரே சொல்லட்டும்.

கடைசியாக, வசதிகள். படியேற முடியுமா? இரவு மாத்திரை எத்தனை மணிக்கு? எத்தனை பேர் வருவீர்கள்? அன்று மாலை கூலி போகுமா, பணி மாற்றிக்கொள்ள வேண்டுமா? ஊருக்குக் கடைசி பஸ் எப்போது? இந்தக் கடைசிக் கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை. கிராமத்திலிருந்து வந்த ஒரு விருதாளர், கடைசி டவுன் பஸ் போய்விடும் என்று சாப்பிடாமலே கிளம்பியதைப் பார்த்திருக்கிறேன். கார் அனுப்புங்கள். அழைத்துவரவும் கொண்டுவிடவும் ஓர் உறுப்பினர் பொறுப்பேற்கட்டும்.

5. தேதியும் மண்டபமும்

இப்போதுதான் தேதி. ரோட்டரி நாட்காட்டியில் ஜனவரி தொழில்சேவை மாதம். டெல்டாவில் அதற்கு வேறு ஒரு பொருத்தமும் உண்டு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. தை பிறந்தால் சம்பா அறுவடை, கூடவே கல்யாணங்கள். மார்ச்சில் பொதுத்தேர்வு, மே மாதத்தில் கத்திரி வெயில். மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் மண்டபங்கள் காலியாக இருக்கும், வாடகையும் பேசிக் குறைக்க முடியும். ஆகவே ஜனவரி முதல் சனிக்கிழமையை நோக்கி, அக்டோபர் கடைசியில் வேலையைத் தொடங்குங்கள். பொங்கலுக்கு முந்தைய வாரம் வேண்டாம், எல்லாரும் கடைத்தெருவில் இருப்பார்கள்.

சங்க ஆண்டு ஜூன் 30இல் முடிகிறது என்பதால் மே, ஜூனில் அவசர அவசரமாக விருது கொடுக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எதைத் தவிர்க்காவிட்டாலும் இதைத் தவிர்த்துவிடுங்கள்.

மண்டபத்தில் பார்க்க வேண்டியவை மூன்று. சாப்பாட்டுக் கூடம் அரங்கிலிருந்து தனியாக இருக்க வேண்டும். ஒரே கூடமென்றால் குருமா வாசனை வந்தபின் யாரும் உரையைக் கேட்க மாட்டார்கள். மேடைக்குக் கைப்பிடியுள்ள படியோ சாய்தளமோ வேண்டும். ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று ஓடவிட்டுப் பாருங்கள். திறந்தவெளியில் நடத்துவதென்றால் ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி வேண்டும், இரவு 10 மணிக்கு மேல் போடக் கூடாது.

6. சிறப்பு விருந்தினர்

விருதாளர்கள் ஐவரும் உறுதியான பிறகே இவரை அழையுங்கள். அழைக்கும்போதே ஐவர் பற்றியும் ஒரு பக்கக் குறிப்புக் கொடுத்துவிடுங்கள். அப்போதுதான் அவர் உரை அவர்களைப் பற்றியதாக இருக்கும். உரைக்கு 12 நிமிடம் என்பதையும் கடிதத்திலேயே எழுதிவிடலாம், யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

பெரிய பதவியில் இருப்பவர்தான் வேண்டும் என்றில்லை. எங்கள் விழாக்களில் சிறப்பாக அமைந்தது, ஓய்வுபெற்ற அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியை ஒருவர் வந்த ஆண்டு. ஐவரில் இருவர் அவரிடம் படித்தவர்கள். பெரிய பதவிக்காரர் தாமதமாக வந்தால் விழா அவருக்காகக் காத்திருக்கும், விருதாளர்கள் பசியோடு உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஒருவரையே அழைத்தீர்களென்றால், அவர் வராவிட்டாலும் 6.30க்குத் தொடங்குவது என்று முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

7. பாராட்டு மடல் எழுதுவது

விழா முடிந்தபின் வீட்டுச் சுவரில் இருபது ஆண்டு தொங்கப் போவது இந்தத் தாள்தான். ஆனால் சங்கங்கள் மிகக் குறைவாக நேரம் செலவிடுவது இதற்குத்தான். அச்சகத்தில் ஏற்கெனவே இருக்கும் மடலில் பெயரை மட்டும் மாற்றி வாங்கிவந்துவிடுகிறார்கள். “தன்னலமற்ற சேவைச் செம்மலே, மனிதநேய மாமணியே” என்று தொடங்கும் மடல் மருத்துவருக்கும் பொருந்தும், மாலை கட்டுபவருக்கும் பொருந்தும். அப்படியென்றால் அது இருவருக்குமே உரியதன்று.

அந்த மனிதர் செய்ததை மட்டும் எழுதுங்கள். எங்கே, எந்த ஆண்டிலிருந்து, யாருக்கு, எப்படி. ஒரு பெண் தபால்காரருக்கு நாங்கள் எழுதிய மடலின் நடுப்பகுதி இப்படி இருந்தது: “மூன்று கிராமங்களுக்கும் சைக்கிளில்தான் போகிறார். முதியோர் பணவிடை வந்திருந்தால் அந்த வீட்டுக்கே முதலில் போவார். பணத்தை எண்ணிக் கையில் கொடுத்து, அவர்களைத் திரும்ப எண்ணச் சொல்லி, அதன் பிறகே கிளம்புவார்.” இதை வாசித்தபோது அரங்கில் ஒரு சத்தமில்லை. அடைமொழி ஒன்றுகூட அதில் இல்லை.

120 சொற்களுக்குள் முடியுங்கள். வாசிக்க ஒன்றரை நிமிடம் ஆகும். எழுதியதை அவர் வீட்டில் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். “அது அந்த வருஷம் இல்லை, அதற்கு அடுத்த வருஷம்” என்று அவர் திருத்துவார். வெளியில் சொல்ல விரும்பாததை நீக்கவும் சொல்வார்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். துப்புரவுப் பணியாளர்களைப் பாராட்டும்போது “பாதாளச் சாக்கடைக்குள் துணிந்து இறங்கி” என்பதுபோல் எழுதிவிடுகிறார்கள். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் சாக்கடைக்குள்ளும் கழிவுத் தொட்டிக்குள்ளும் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அவருக்கு இழைக்கப்பட்ட குற்றத்தை அவருடைய வீரமாக மாற்றி எழுதுவது அவரை மதிப்பதாகாது. அதிகாலையில் எத்தனை தெருக்களைச் சுத்தம் செய்கிறார், புயலுக்கு மறுநாள் என்ன செய்தார், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு என்ன கற்றுக்கொடுத்தார் என்று எழுத எவ்வளவோ உண்டு.

உதவி பெற்றவர்களின் பெயரும் நோயும் மடலில் வரக் கூடாது. பாராட்டப்படுபவருக்காக இன்னொருவரின் துன்பம் மேடையேறக் கூடாது.

8. நினைவுப் பரிசும் பொன்னாடையும்

கண்ணாடிக் கேடயங்கள் கைதவறினால் உடைகின்றன. எங்கள் பகுதியில் தஞ்சாவூர்க் கலைத்தட்டு கொடுக்கிறோம். நாச்சியார்கோயில் குத்துவிளக்கும் நல்ல பரிசுதான், ஆனால் எல்லாச் சமயத்தவர் வீட்டிலும் அதற்கு இடமிருக்காது. எதுவானாலும் மூன்று வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். பெயர்த் தகடு வந்ததும் நோட்டில் அவர் கைப்பட எழுதிய பெயரோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ன, ண மாறிய ஒரு தகட்டை விழா மேடையில்தான் கவனித்தோம், வாங்கியவரும் கவனித்தார்.

பொன்னாடைக்குப் பதிலாகக் கைத்தறித் துண்டோ புடவையோ வேட்டியோ கொடுத்தால் பயன்படும். பணம் கொடுப்பதென்றால் விழாவுக்கு முன்போ பின்போ வீட்டில் கொடுங்கள். பெரிய அட்டையில் தொகையை எழுதி மேடையில் தூக்கிப் பிடிப்பது வேண்டாம். கடன்காரர்களும் உறவினர்களும் அரங்கில் இருப்பார்கள். அரசு ஊழியருக்குப் பணம் கூடவே கூடாது.

9. அழைப்பிதழும் இலைக் கணக்கும்

அழைப்பிதழில் விருதாளர்களின் பெயர் சிறப்பு விருந்தினரின் பெயருக்கு மேலே, அதே அளவு எழுத்தில் இருக்கட்டும். ஃபிளெக்ஸில் பெரிய படங்கள் அந்த ஐவருடையவையாக இருக்கட்டும், நிர்வாகிகளுடையவை வேண்டாம். ஒவ்வொரு விருதாளருக்கும் 20 அழைப்பிதழ் தனியாகக் கொடுங்கள். தெருவில் அவரே கொடுக்க ஆசைப்படுவார்.

இலைக் கணக்கை இப்படிப் போடலாம். விருதாளர் ஒருவருக்குக் குடும்பத்தோடு 6 என்றால் ஐவருக்கு 30. உறுப்பினர்கள் குடும்பத்தோடு 70. சிறப்பு விருந்தினர், அவருடன் வருபவர்கள், பத்திரிகைக்காரர்கள் என 15. மைக் செட்காரர், புகைப்படக்காரர், ஓட்டுநர்கள், மண்டபப் பணியாளர்கள் என 10. மொத்தம் 125 இலை. இந்தக் கடைசிப் பத்தைத்தான் மறந்துவிடுகிறார்கள். உழைப்பவர்களைப் போற்றும் விழாவில் மைக் செட்காரர் பசியோடு ஒயரைச் சுருட்டக் கூடாது. இறுதி எண்ணிக்கையை இரண்டு நாள் முன்பு சமையல் மாஸ்டரிடம் சொல்லுங்கள். காய்கறி வாங்கிய பிறகு எண்ணை மாற்றினால் தரம் குறையும்.

10. அன்று மாலை வாசலில்

விருதாளர்களைப் பார்த்துக்கொள்பவர் 5.30க்கே வாசலில் நிற்க வேண்டும். வந்து இறங்கும் குடும்பம் எங்கே போவது, எங்கே உட்காருவது என்று தெரியாமல் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துவிடும். முன் வரிசையில் விருதாளருக்கும், இரண்டாம் வரிசையில் அவர் குடும்பத்துக்கும் பெயர் எழுதிய தாள் ஒட்டிய நாற்காலிகள் இருக்க வேண்டும். அழைத்துப்போய் உட்காரவைத்து, தேநீரும் சுண்டலும் கொடுங்கள். இரவு 8 மணிக்கு மாத்திரை போடுபவர்களுக்கு இது பலகாரம் மட்டுமன்று, தேவை.

வாசலில் சந்தனம், குங்குமம், பன்னீர் வைத்து வரவேற்கும் பிள்ளைகளுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவையுங்கள். வரும் எல்லாரிடமும் தட்டை நீட்ட வேண்டும், எடுப்பதும் எடுக்காததும் அவரவர் விருப்பம். கணவரை இழந்த விருதாளர் ஒருவரைக் கண்டதும் ஒரு சிறுமி தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். யாரோ வீட்டில் சொல்லிக்கொடுத்த பழக்கம்தான். விருது வாங்க வந்தவரின் முகம் வாசலிலேயே வாடிப்போனது. அடுத்த ஆண்டிலிருந்து குத்துவிளக்கின் முதல் சுடரை ஏற்ற, கணவரை இழந்த விருதாளர் இருந்தால் அவரையே கேட்கிறோம். விருப்பமில்லாதவரை, வேறு சமயத்தவரை வற்புறுத்துவதில்லை.

11. மேடை ஒழுங்கு

வாராந்திரக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை இந்த விழாவில் கலக்காதீர்கள். செயலாளர் அறிக்கை, பிறந்தநாள் வாழ்த்து, புதிய உறுப்பினர் சேர்க்கை, இவை எல்லாம் அடுத்த கூட்டத்துக்குப் போகட்டும். விருதாளரின் குடும்பத்துக்கு இவற்றால் ஆவது ஒன்றுமில்லை.

நேரக் கணக்கு: தலைவர் மணியடித்துத் தொடங்கியபின் தமிழ்த்தாய் வாழ்த்து, விளக்கேற்றல் 5 நிமிடம். வரவேற்பு 4. தலைவர் உரை 5. விருதுகள் 40. சிறப்பு விருந்தினர் 12. நன்றி 4. நாட்டுப்பண் 1. ஆக 71 நிமிடம். 6.30க்குத் தொடங்கினால் சிறு தாமதங்களையும் சேர்த்து 8 மணிக்குள் முடிந்துவிடும். தமிழ்த்தாய் வாழ்த்து 2021 டிசம்பரிலிருந்து மாநிலப் பாடல். எழுந்து நிற்க வேண்டும் என்பதிலிருந்து மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டு. அப்படி ஒருவர் அரங்கில் இருந்தால் தொகுப்பாளர் அதை இயல்பாகச் சொல்லிவிடலாம்.

ஒரு விருதுக்கு 8 நிமிடம் என்பது இப்படிப் பிரியும்: மடல் வாசிப்பு, மேடைக்கு வருதல், விருது வழங்கலும் படமும், ஏற்புரை. மடலை வாசிக்கும்போது விருதாளர் தம் குடும்பத்தோடு கீழேயே உட்கார்ந்திருக்கட்டும், வாசித்து முடித்த பிறகு மேடைக்கு அழையுங்கள். மேடையில் நிறுத்திவைத்து வாசித்தால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் தவிப்பார். கீழே இருந்தால் மனைவியும் மக்களும் அருகில் இருப்பார்கள், அரங்கம் திரும்பிப் பார்க்கும், அவரும் எழுந்து கைதட்டலுக்கு நடுவே நடந்து வருவார். இந்த ஒரு மாற்றத்தைப் போல வேறெதுவும் எங்கள் விழாவை மாற்றவில்லை.

ஏற்புரையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். பேசத் தயங்குபவருக்குத் தொகுப்பாளர் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: “இந்த வேலையில் முதல் நாள் நினைவிருக்கிறதா?” அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டார்கள். ஏற்புரைக்கு ஒதுக்கிய 3 நிமிடம் 6 ஆனாலும் மணியடிக்காதீர்கள். நேரம் குறைக்க வேண்டுமானால் தலைவர் உரையில் குறையுங்கள்.

பொன்னாடை போர்த்தப் பத்துப் பேர் மேடையேறும் வழக்கத்தை முன்கூட்டியே தடுத்துவிடுங்கள். ஒரு விருதாளருக்கு ஒரே ஒருவர் போர்த்தட்டும், பெண் விருதாளருக்குப் பெண் உறுப்பினர். படம் எடுக்கும்போது விருதாளர் நடுவில், குடும்பமும் மேடையில். நிர்வாகிகள் ஓரத்தில் நிற்கட்டும்.

12. விருந்து

தட்டை ஏந்தி வரிசையில் நின்று, நின்றபடியே சாப்பிடும் முறையை இந்த விழாவுக்கு வைக்காதீர்கள். பழக்கமில்லாத பெரியவர்கள் கூச்சத்தில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வதைப் பலமுறை பார்த்தேன். இலை போட்டுப் பந்தியாகப் பரிமாறுங்கள். முதல் பந்தியில் விருதாளர்களும் அவர்கள் குடும்பமும். சங்க உறுப்பினர்கள் பரிமாறட்டும், தலைவர் உட்பட. விருதாளரை மட்டும் தனி அறையில் சிறப்பு விருந்தினரோடு உட்காரவைத்துக் குடும்பத்தைப் பொதுப் பந்திக்கு அனுப்புவது பெரிய பிழை. பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிடத்தான் அவர் விரும்புவார்.

உணவு வகை குறைவாக, சூடாக இருந்தால் போதும். இடியாப்பம், குருமா, இட்லி, சாம்பார், ஓர் இனிப்பு, தயிர்ச்சோறு, வாழைப்பழம். சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு இனிப்பை இலையில் வைக்கும் முன் கேளுங்கள்.

சாப்பாடு முடிந்ததும் ஒவ்வொரு குடும்பமும் காரில் ஏறும்வரை உடனிருங்கள். கலைத்தட்டும் மடலும் துணியும் ஒரே பையில் இருக்கின்றனவா என்று பார்த்துக் கொடுங்கள். பாதிப் பொருள்கள் மேடை மேசையிலேயே கிடப்பது வழக்கம்.

13. மறு வாரம்

மண்டபம், சமையல், மைக் செட் பாக்கிகளை மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். பத்திரிகைக்குச் செய்தி கொடுக்கும்போது விருதாளர்களின் பெயர்கள் முதல் வரியில் இருக்கட்டும், இடமில்லாமல் வெட்டினால் கடைசி வரிகள்தான் போகும்.

புகைப்படங்களைச் செல்பேசியில் அனுப்பியதோடு விடாமல், அச்சிட்டுச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு ஐந்து வீட்டுக்கும் மறுபடி போங்கள். தேநீர் கொடுப்பார்கள், உட்கார்ந்து குடியுங்கள். கிளம்பும் முன், “உங்களைப் போல உழைப்பவர் வேறு யாரைத் தெரியும்?” என்று கேட்டு நோட்டின் அடுத்த பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். போன ஆண்டு எங்கள் ஐவரில் மூவர் இப்படி வந்த பெயர்கள்.